யோகமும் நீதியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

யோகப் பயிற்சி தொடர்பான ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஆசனங்களின் நுட்பம் பற்றிய கடிதங்களே மிகுதியாக வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் கனமானவையோ காயம்பட்ட மனத்தைப் பற்றியும், வேலையிடத்து அநீதியைப் பற்றியும், வகுப்பின் வாசலிலேயே நின்றுவிடுபவர்களைப் பற்றியும் இருந்தன. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: வன்முறை நிறைந்த மணவாழ்க்கையிலிருந்து வெளியே வந்தவள் நான். மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவருகிறேன். யோகா உதவும் என்று அவர் சொன்னதால் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சவாசனத்தில் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லும்போது நெஞ்சு படபடக்கிறது. ஆசிரியர் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டுச் சரிசெய்தால் அழுகை வந்துவிடுகிறது. "மனத்தைத் தளர்த்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். எனக்கு யோகா ஒத்துவராதா, அம்மா?

பதில்: உங்கள் உடலில் நடப்பதை முதலில் விளக்கிவிடுகிறேன், அது உங்கள் குறையல்ல என்பது அதிலேயே தெரிந்துவிடும். நீண்ட காலம் அடிக்கும் வசவுக்கும் அஞ்சி வாழ்ந்த உடல், ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று ஓயாமல் காவல் காக்கப் பழகிவிடுகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் அந்தக் காவல் உடனே கலைவதில்லை. கண்ணை மூடி, மல்லாந்து, அசையாமல் கிடப்பது மற்றவர்களுக்கு ஓய்வாக இருக்கலாம். உங்களுக்கோ அது காவலைக் கைவிட்டுக் கிடப்பதாகவே படுகிறது. முன்னறிவிப்பின்றிப் பின்னாலிருந்து தோளில் விழும் கையை, அது எவ்வளவு நல்லெண்ணத்தோடு நீண்டதாக இருந்தாலும், உடல் பழைய கையாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பயிற்சியைக் கைவிட வேண்டாம், அதைச் செய்யும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். தரையில் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சவாசனத்துக்குப் பதிலாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், அல்லது ஒருக்களித்துப் படுங்கள். உங்கள் பின்னால் எவரும் நடமாட முடியாதபடி சுவரோரத்தில், வாசல் கண்ணில் படும் இடத்தில் விரிப்பைப் போடுங்கள். தொடவேண்டாம் என்பதை ஆசிரியரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அதற்குக் காரணம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சொன்ன பிறகும் தொடுகிறவராக இருந்தால் அந்த வகுப்பில் நீங்கள் கற்றுக்கொள்வதற்கு ஒன்றுமில்லை, வெளியேறிவிடுங்கள்.

மூச்சைப் பொறுத்தவரை ஒரு செய்தி உங்களுக்குப் பயன்படும். மூச்சு உள்ளே வரும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளியேறும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. அதனால்தான் வெளிமூச்சை மெல்ல நீட்டிவிடும் எளிய பயிற்சி பதற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகமும், வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அச்சத்தில் இருக்கும் உடலை மேலும் கிளறிவிடக்கூடியவை. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

உங்களைப் போன்ற பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், வேறு சிகிச்சைகளுக்குப் பின்னும் மனக்காயத்தின் பாதிப்பு நீங்காத 64 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் பத்து வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் யோகா செய்தார்கள். மற்றக் குழுவினருக்கு அதே அளவு நேரம் பெண்கள் நலக் கல்வி வகுப்பு நடந்தது. முடிவில் மதிப்பிடப்பட்ட 60 பேரில், யோகா குழுவின் 31 பேரில் 16 பேருக்கும், மற்றக் குழுவின் 29 பேரில் 6 பேருக்கும் மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்த நோய் (PTSD) இருப்பதாகக் கணிப்பதற்கான அறிகுறிகள் போதிய அளவில் இல்லாமல் போயிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. அந்த யோகா எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே கட்டளைகள் இல்லை. "விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பாருங்கள்" என்பது போன்ற அழைப்புகளே இருந்தன. தன் உடல் மீது தனக்கிருந்த உரிமை பறிக்கப்பட்ட ஒருவருக்கு, கையை உயர்த்துவதா வேண்டாமா என்று தானே தீர்மானிப்பது ஆசனத்தின் நேர்த்தியைவிடப் பெரிய மருந்து.

மருத்துவரின் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். யோகா அதற்குத் துணைதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். மனம் அமைதியடைந்தால் நடந்ததை மன்னித்துவிட வேண்டும், வழக்கைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்று யோகத்தின் பெயரால் எவரேனும் அறிவுரை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்களுக்கு நேர்ந்தது குற்றம். காயத்தை ஆற்றிக்கொள்வதும் குற்றத்துக்கு நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று தடையாகாது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆட்களைக் குறைத்து, வேலை நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மன அழுத்தம் என்று முறையிட்டதும் வாரந்தோறும் யோகா வகுப்பு ஏற்பாடு செய்துவிட்டார்கள். "சூழ்நிலையை மாற்ற முடியாது, அதற்கு நாம் காட்டும் எதிர்வினையைத்தான் மாற்ற முடியும்" என்கிறார் பயிற்றுநர். கோபப்படாமல் இருப்பதுதான் யோகம் என்றால், நான் தொழிற்சங்கத்திலிருந்து விலகிவிடவேண்டுமா?

பதில்: விலகவேண்டாம். பத்துப் பேர் செய்த வேலையை ஆறு பேர் செய்வதால் வரும் முதுகுவலிக்குப் புஜங்காசனம் சிறிது நேர ஆறுதல் தரும். மீதி நான்கு பேரை வேலைக்கு எடுப்பதுதான் தீர்வு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்பு முயன்று பார்க்கத்தக்கவற்றுள் யோகாவும் இடம்பெற்றிருக்கிறது. ஆகையால் வகுப்பினால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உடலுக்கு இதமாக இருந்தால் போங்கள். ஆனால் அதை உங்கள் கோரிக்கைக்குக் கிடைத்த பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். சங்கத்தின் குறிப்பேட்டில் வகுப்பு வேறு, ஆள்குறைப்பு வேறு என்று தனித்தனியாகவே இருக்கட்டும்.

உங்கள் பயிற்றுநர் சொன்னது யோக நூல்கள் சொல்வதில் பாதிகூட அன்று. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள் உள்ளன; ஆசனத்தை நேரடியாகப் பேசுபவை அவற்றுள் மூன்றே. எட்டு அங்கங்களின் வரிசையில் ஆசனத்துக்கு மூன்றாம் இடம்தான். முதலில் வருவது இயமம்: தீங்கு செய்யாமை, உண்மை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை என்னும் ஐந்து. இவற்றுள் பெரும்பாலானவை நான் பிறரிடம் எப்படி நடந்துகொள்கிறேன் என்பதைப் பற்றியவை. ஒருவர் தனியாக ஒரு தீவில் வாழ்ந்தால் திருடாமைக்கு அங்கே வேலையே இல்லை. பிறரோடு கூடி வாழும் வாழ்க்கையில் இருந்துதான் யோகம் தொடங்குகிறது என்று நான் படிப்பது இதனால்தான்.

அதைவிடக் கூர்மையான இடம் ஒன்று அந்த நூலின் இரண்டாம் பாதத்தின், அதாவது இரண்டாம் பகுதியின், 34-ஆம் சூத்திரத்தில் இருக்கிறது. தீங்கு என்பது தானே செய்ததாகவும் இருக்கலாம், பிறரைக் கொண்டு செய்வித்ததாகவும் இருக்கலாம், பிறர் செய்ததை ஆமோதித்ததாகவும் இருக்கலாம் என்று அது மூவகைப்படுத்துகிறது. பேராசை, சினம், மயக்கம் ஆகிய மூன்றையும் அவற்றின் வேராகக் காட்டுகிறது. இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு உங்கள் நிறுவனத்தைப் பாருங்கள். ஆள்குறைப்பு உத்தரவில் கையெழுத்திட்டவர், அதை நிறைவேற்றியவர், சக ஊழியர் வெளியேற்றப்பட்டபோது நமக்கென்ன என்று தலையசைத்தவர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். கண்ணை மூடி அமர்ந்திருப்பவர் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிட முடியாது.

திருமூலர் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், இயமத்தில் நிற்பவனின் இயல்புகளை அடுக்கும்போது, கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றோடு "நடுச்செய்ய வல்லான், பகுத்துண்பான்" என்கிறார். நடுநிலை பிறழாமல் நியாயம் செய்ய வல்லவன், பகிர்ந்து உண்பவன் என்னும் இரண்டும் ஆசனத்துக்கும் மூச்சுக்கும் முன்னால் வைக்கப்பட்ட தகுதிகள். சமூக நீதியை யோகத்தில் வெளியிலிருந்து யாரோ புதிதாகக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள் என்று குறைகூறுவோர், தமிழிலேயே இருக்கும் இந்த மூன்றாம் தந்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இனி, கோபம். தீயோரிடத்தில் உபேட்சை, அதாவது மனம் ஒட்டாமல் இருத்தல், வேண்டும் என்று யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் ஒரு சூத்திரம் உண்டு. அதைக் காட்டித்தான் ஒதுங்கியிருக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூத்திரம் மனம் கலங்காமல் தெளிவாக இருப்பதற்கான வழியைச் சொல்கிறது. தீச்செயலைத் தடுக்காதே என்று அதில் எங்கும் இல்லை. அதே சூத்திரம் துன்புறுவோரிடம் கருணை வேண்டும் என்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்லவேண்டும் அல்லவா? பகையால் எரியாமல், ஆனால் கோரிக்கையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காமல் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார முடியுமானால், உங்கள் பயிற்சி பலித்திருக்கிறது என்பேன். காந்தி 1930-இல் எரவாடா சிறையிலிருந்து தம் ஆசிரமத்தவருக்கு வாரந்தோறும் கடிதம் எழுதினார். அவற்றில் அவர் விளக்கிய நோன்புகளில் இந்த ஐந்து இயமங்களும் இருந்தன. அஞ்சாமை, உடலுழைப்பு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவையும் அவற்றோடு சமமாக நின்றன. அவர் கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்கவேண்டியதில்லை, எனக்கும் மாறுபாடுகள் உண்டு. ஆனால் இயமத்தை வீதிக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதை மறுக்க முடியாது.

கேள்வி: பல ஆண்டுகளாக நிலவுரிமைப் போராட்டங்களில் பணியாற்றுகிறேன். உறக்கமில்லை, எரிச்சல் கூடிவிட்டது. தோழர் ஒருவர் யோகா செய்யச் சொல்கிறார். மக்கள் தவிக்கும்போது நான் மட்டும் பாயை விரித்து உட்காருவது தன்னலமாகத் தோன்றுகிறது.

பதில்: 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ், பிற்காலத்தில் யோகா செய்துவந்தார். 1973-இல் எடுக்கப்பட்ட அப்படியொரு புகைப்படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அவருடைய தொகுப்பில் இருக்கிறது. கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் 1970களின் தொடக்கத்தில் சிறையில் இருந்தபோது யோகா பழகினார். இவர்களைத் தன்னலமிகள் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். உறக்கமிழந்து எரிந்து விழுபவரின் எரிச்சலை முதலில் அனுபவிப்பவர்கள் உடனிருக்கும் தோழர்களும் வீட்டாரும்தான். உறங்கப் போகுமுன் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுத்து, வெளிமூச்சை நீட்டுவதில் தொடங்குங்கள். அவ்வளவு போதும். உறக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: யோகா ஒரு மதத்தாருக்கும் உயர்ந்த பிறப்பினருக்கும் உரியது என்று சிலரும், எல்லாருக்கும் பொது என்று சிலரும் சொல்கிறார்கள். நான் இரண்டுக்கும் வெளியே இருப்பவன். வரலாறு என்ன சொல்கிறது?

பதில்: நூல்கள் சொல்வதும் நடந்ததும் ஒன்றாக இல்லை என்பதே நேர்மையான பதில். இயமங்கள் பிறப்பு, இடம், காலம், சூழல் என்னும் எந்த வரம்புக்கும் உட்படாத பெருநோன்பு என்கிறது யோக சூத்திரம். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தத்தாத்ரேய யோக சாத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிராமணரானாலும் துறவியானாலும், பௌத்தரானாலும் சமணரானாலும், காபாலிகரானாலும் உலகாயதரானாலும், இடைவிடாது பயில்பவருக்கே சித்தி, அதாவது யோகத்தில் வெற்றி, என்று அது பட்டியலிடுகிறது. கடவுளை நம்பாத உலகாயதரையும் சேர்த்துக்கொண்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். வேடம் பூணுவதாலோ, வெறும் பேச்சாலோ பயனில்லை என்றும் அதே நூல் கண்டிக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை இளைஞர், முதியவர், தள்ளாதவர், நோயாளி, வலுவிழந்தவர் ஆகிய எல்லாருக்கும் பயிற்சி பலன் தரும் என்கிறது.

நடைமுறையோ வேறாக இருந்தது. இந்த நூல்கள் இருந்த சமஸ்கிருத மொழியைக் கற்கும் வாய்ப்பே பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டிருந்தது. பெண்களின் நிலையும் அதுவே. 1930களின் பிற்பகுதியில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்க வந்த இந்திரா தேவி என்னும் வெளிநாட்டுப் பெண்ணை அவர் முதலில் ஏற்கவில்லை. மன்னர் வலியுறுத்திய பின்பே சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்தான் 1940களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் யோகக்கூடம் திறந்து, மேலைநாட்டில் ஆசனங்கள் பரவக் காரணமானவர்களுள் ஒருவரானார். மன்னரின் பரிந்துரை இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ! இன்று தடை வேறு வடிவில் வருகிறது. கட்டணம் ஒரு தடை. விளம்பரங்களில் காட்டப்படும் ஒல்லியான, வளைந்து கொடுக்கும், இளைய உடல் இன்னொரு தடை. உங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத மந்திரமோ வணக்கமோ வகுப்பில் இருந்தால் நீங்கள் அமைதியாக இருக்கலாம். மூச்சும் தசையும் அதனால் வேறுபடப்போவதில்லை.

கேள்வி: பிறவியிலேயே ஒரு கால் ஊனம் எனக்கு. "முற்பிறவி வினை, யோகத்தால் கழித்துக்கொள்" என்கிறார் என் ஆசிரியர். இது சரியா?

பதில்: வினையும் அதன் பயனாகிய பிறப்பும் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் பேசப்படுகின்றன, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அதே பாதத்தில், இனி வரவிருக்கும் துன்பமே தவிர்க்கத்தக்கது என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. நடந்து முடிந்ததைத் தோண்டி ஒருவர் மீது பழி சுமத்தும் வேலையை அது ஆசிரியருக்குக் கொடுக்கவில்லை. உங்களுக்கு வரவிருக்கும் துன்பத்தில் ஒன்று, உங்களை மதிக்காத இந்த ஆசிரியர். சாய்வுப் பாதை இல்லாத கட்டடமும், உங்கள் காலுக்கேற்ப ஆசனத்தை மாற்றத் தெரியாத பயிற்சியும் இன்றைய மனிதர்கள் செய்த குறைகள். அவற்றை முற்பிறவியின் கணக்கில் எழுதிவிட்டால் திருத்தவேண்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். வேறு ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் யோகா ஆசிரியை. என் வகுப்புக்கு வருபவர்கள் எல்லாரும் வசதியுள்ளவர்கள், உடல்நலம் உள்ளவர்கள். எல்லாரும் வரக்கூடியதாக மாற்ற விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: வராதவர்களைக் கேட்பதில் தொடங்குங்கள். வீட்டுவேலை செய்பவர், இரவுப்பணி பார்ப்பவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர், உடல் பருமனால் கூச்சப்படுபவர் ஆகியோரில் சிலரையாவது சந்தித்து, என்ன இருந்தால் வருவீர்கள் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் நேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், உடை, கட்டணம் ஆகியவற்றில் இருக்கும். இலவச வகுப்பு என்று தனியாக ஒன்று வைத்தால், அது ஏழைகளின் வகுப்பு என்று பெயர் வாங்கிவிடும். ஒரே வகுப்பில், தாங்கள் கொடுக்க முடிந்ததை ஒவ்வொருவரும் பிறர் அறியாமல் கொடுக்கும் ஏற்பாடு நல்லது. உங்கள் பிழைப்பும் நடக்கவேண்டும் என்பதால், குறைந்தபட்சம் எவ்வளவு தேவை என்பதை மறைக்காமல் அறிவித்துவிடுங்கள்.

கற்பித்தலில், நாற்காலியையும் சுவரையும் வலுவிழந்தவர்களுக்கான சலுகையாகக் காட்டாமல் எல்லாரையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் மரக்கட்டை, பட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நோய்வாய்ப்பட்டு வளர்ந்தவர் அவர். ஆசனம் எல்லா உடலுக்கும் எட்டவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததில் வியப்பில்லை. இதற்காக ஆசன நுட்பத்தில் சமரசம் செய்யவேண்டியதில்லை. இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உள்ளவர்களைச் சிரசாசனத்திலிருந்து விலக்கி வைப்பதும் கவனத்தின் ஒரு பகுதியே.

கடைசியாக, பலரும் தட்டிக்கழிக்கும் ஒன்று. தொடுவதற்கு முன் அனுமதி கேட்பதை வகுப்பின் விதியாக்குங்கள். ஒருமுறை கொடுத்த அனுமதி அடுத்த வகுப்புக்குச் செல்லாது. உலகப் புகழ்பெற்ற யோக மரபுகள் பலவற்றில் குருமார் மீது பாலியல் அத்துமீறல் புகார்கள் எழுந்திருக்கின்றன. அவை நீண்ட காலம் வெளிவராமல் போனதற்கு, கேள்வி கேட்பதையே குறையாகக் கருதிய குருபக்தியும் ஒரு காரணம். ஆகவே உங்கள் வகுப்பில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவையுங்கள். அந்த ஆள் நீங்களாகவோ உங்கள் குடும்பத்தவராகவோ இருக்கக்கூடாது. புகார் உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம்.